கண்களைத் தவிர

என்னுடைய ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு. பழுப்புத் தாளில் அட்டை போட்டு, மூலை மடங்காமல் பார்த்துக்கொண்டேன். ஜூன் மாதம் தொடங்கி தீபாவளி வரைக்கும் ஏறக்குறைய பாதி நோட்டை நிரப்பியிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் நீல மையில் என் கையெழுத்து மட்டும்தான். சரி என்று ஒரு குறி கிடையாது, தப்பு என்று ஒரு குறி கிடையாது, ஓரத்தில் ஆசிரியரின் சுருக்கொப்பம் கிடையாது. வகுப்பிலேயே அழகான நோட்டு என்னுடையதுதான் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு இருந்தது. அந்த நோட்டை அப்பா கையில் எடுத்துப் பார்த்த சாயங்காலத்தைப் பற்றி எழுதினால்தான் மற்றதை எழுத முடியும்.

அப்பா பக்கத்து அணுமின் நகரியத்தில் ஒப்பந்தத் தோட்ட வேலை பார்த்தார். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் நடவு, அறுப்பு என்று போன குடும்பம். அப்பாதான் முதலில் காக்கிச் சட்டை போட்டு, கேட்டில் பாஸ் காட்டி உள்ளே போய் வேலை செய்தவர். அங்கே குவார்ட்டர்ஸ்களில் குடியிருந்த அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள் வருடக் கடைசியில் பழைய நோட்டுகளைக் கழித்துப் போடுவார்கள். அப்பா அவற்றைக் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். எழுதாத பக்கங்களைக் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, எனக்கும் தம்பிக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தருவார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும். அதற்கு மேல் எழுத்தோடு பழக்கமில்லை. ஆனால் வருடா வருடம் அத்தனை நோட்டுகளைப் புரட்டியதில், ஒரு நோட்டு எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

அன்றைக்கு அவர் பரணிலிருந்து இறக்கிப் பிரித்துப் போட்டிருந்த குவியலோடு என் நோட்டும் கலந்துவிட்டது. எழுதாத பக்கம் தேடிப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பின்னாலிருந்து முன்னாலும், முன்னாலிருந்து பின்னாலும் பார்த்தார். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். “இன்னாமா இது, இதுல செவப்பே காணோம்?” என்று கேட்டார். “நான் தப்பே போடல நைனா” என்றேன். கூசாமல் சொன்ன பொய். அப்பா நகரியத்து நோட்டு ஒன்றை எடுத்து என் நோட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். “தப்பு போடலன்னா ரைட்டாவது போட்டுக்கணுமே? இதுல பாரு, ரைட்டு கீது, ராங்கு கீது, கையெழுத்து கீது. உன்துல ஒண்ணுமே இல்லியே? உன் நோட்ட யாருமே தொறக்கலியா?”

நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. எந்தப் பள்ளி என்று இங்கே எழுதப்போவதில்லை. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையைத் தாண்டித் தெற்கே போகும் சாலையில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளி என்பதோடு விட்டுவிடுகிறேன். குப்பத்துப் பிள்ளைகள், ஊர்ப் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள் என்று மூன்று பக்கத்திலிருந்தும் வருவோம். கணக்கு சார் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. உள்ளே நுழைந்ததும் வரிசை வரிசையாக வீட்டுப்பாட நோட்டுகளைத் திறந்து பார்ப்பார். எத்தனை கணக்குத் தப்போ அத்தனை அடி. உள்ளங்கையில், சவுக்குக் குச்சியால். கடற்கரை நெடுக சவுக்குத் தோப்பு இருக்கும்போது குச்சிக்கு என்ன பஞ்சம்? தப்பான இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, “இங்க இருந்த மைனஸ் எங்க போச்சு? கடலுக்குப் போச்சா?” என்று கேட்டுக்கொண்டே அடிப்பார். அடித்து முடித்ததும் பலகைக்குப் போய் அதே கணக்கை முதலிலிருந்து போட்டுக் காட்டுவார். அடியும் பாடமும் ஒரே மூச்சில் நடக்கும்.

ஜன்னலோர வரிசைக்கு வரும்போது மட்டும் அவர் நோட்டைத் திறக்க மாட்டார். அந்த வரிசையில் காலனிப் பிள்ளைகள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். “எல்லாரும் எழுதிட்டீங்களா? சரி, உக்காருங்க.” அவ்வளவுதான். எங்களுக்கு அடி கிடையாது. பக்கத்து வரிசைக் குப்பத்துப் பெண் ஒருத்தி, வீங்கிய கையை வாயால் ஊதிக்கொண்டே, “உங்களுக்கு இன்னாடி, ராணிங்க” என்பாள். நாங்களும் ராணிகளாகத்தான் இருந்தோம். சில நாள் வீட்டுப்பாடம் எழுதாமலே “எழுதிட்டோம் சார்” என்று கோரஸாகச் சொல்வோம். அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஏன் அடிக்கவில்லை என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். வேறெங்கோ ஒரு பள்ளியில் காலனிப் பிள்ளையை அடித்த வாத்தியார் மேல் கேஸ் ஆகிவிட்டது என்று ஆசிரியர்கள் அறையில் ஒரு பேச்சு. நடந்ததோ இல்லையோ, அதைக் கேட்ட தலைமை ஆசிரியர், “அந்தப் பிள்ளைங்க மேல கை வைக்காதீங்க, வம்பு வேணாம்” என்று சொல்லிவைத்திருக்கிறார். அதைக் கேட்டு எங்கள் நோட்டைத் திறந்து, தப்பைக் காட்டி, அடிக்காமல் விட்டிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். கணக்கு சாருக்கு அடிக்காமல் நோட்டைத் திறக்கத் தெரியவில்லை. அடிக்கக் கூடாது என்றதும் திறப்பதையே விட்டுவிட்டார். கெட்ட மனிதர் என்று அவரை ஒதுக்கிவிட என்னால் முடியாது. ஆனால் இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்பாவுக்கு ஒரு விஷயம் உடனே புரிந்தது. அந்த நாளில் ஒன்பதாம் வகுப்புதான் வடிகட்டுகிற இடம். பத்தாவதில் தேர்ச்சி குறைந்தால் பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று, தேறாது எனத் தோன்றுகிறவர்களை ஒன்பதிலேயே நிறுத்திவிடுவார்கள். காலனியில் ஒன்பதோடு நின்றவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். நின்ற பெண்களெல்லாம் அவரோடு நகரியத்துக்குப் புல் பிடுங்க வந்தார்கள். நானும் அப்படி வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு. மறுநாள் வேலைக்குப் போகாமல், பள்ளிக்கு வந்து நின்றார். சைக்கிள் கேரியரில் செடி வெட்டும் பெரிய கத்தரி அப்படியே கட்டியிருந்தது.

வகுப்பு வாசலில் வைத்துத்தான் பேசினார்கள். எனக்கு எல்லாம் கேட்டது, மற்றவர்களுக்கும் கேட்டது. “சார், எல்லாப் புள்ளைங்களையும் அடிக்கிறீங்கோ. எம் பொண்ண மட்டும் இன்னாத்துக்கு வுட்டுட்டீங்கோ? அது இன்னா பாவம் பண்ச்சி?” என்றார் அப்பா. கணக்கு சார் சிரித்துவிட்டார். “ஏம்பா, அடிச்சாங்கன்னு சண்டைக்கு வர்றவனைப் பாத்திருக்கேன். அடிக்கலன்னு வர்றவன் நீதான்” என்றார். அப்பா சிரிக்கவில்லை. “கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டு மத்தத உரிச்சி எடுங்க சார். எனக்குப் புள்ள படிச்சா போதும்” என்றார். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது எல்லாப் பெற்றோரும் வாத்தியாரிடம் சொல்கிற வார்த்தைதான் அது. வணக்கம் சொல்வதைப்போலச் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பா சொன்னபோது அதை நிஜமாகவே கேட்டார்.

அவருக்கு வேண்டியிருந்தது நோட்டில் சிவப்பு மை. அதைக் கேட்க அவருக்கு வார்த்தை இல்லை. பிள்ளைமேல் வாத்தியார் அக்கறை காட்டுவது என்றால் அடிப்பது என்றுதான் அவர் கேள்விப்பட்டிருந்தார். அதனால் அடியைக் கேட்டார். கணக்கு சார், “நாளைக்கு நீயே ஸ்டேஷனுக்குப் போய் நின்னா என்ன பண்றது? எழுதிக் குடு. அப்புறம் பாக்கறேன்” என்றார்.

அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். அப்பாவுக்கு எழுத வராது, வெளியாளிடம் போக வெட்கம். கையெழுத்து அழகாக இருக்கிற பெண் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பார்? சாணி மெழுகிய தரையில் குப்புறப் படுத்து எழுதினேன். எட்டாம் வகுப்புத் தமிழில் விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று படித்திருந்ததால் வடிவம் தெரிந்திருந்தது. அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன் என்றாலும், அவர் பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றியது நான். ‘ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளைக் கண்களைத் தவிர மற்ற இடங்களில் அடித்துப் படிக்க வைப்பதற்கு எனக்கு முழுச் சம்மதம். இது சம்பந்தமாக நானோ என்னைச் சேர்ந்தவர்களோ எவரிடமும் புகார் செய்ய மாட்டோம் என்று உறுதி கூறுகிறேன்.’ எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. “கோர்ட்டு பேப்பர் கணக்கா கீது” என்றார். எனக்கு அப்பா மேல் அழுகையும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பாராட்டு பிடித்தும் இருந்தது. என்னை அடிக்கச் சொல்லும் கடிதத்தை நானே எழுதிவிட்டு, எழுத்து அழகாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு சார் கடிதத்தை மேலிருந்து கீழ் வரை படித்தார். கீழே இடமும் தேதியும் விட்டுப்போயிருந்தன. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தக் காலி இடத்தில் இரண்டு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். “லெட்டர் எழுதத் தெரிஞ்சா முழுசா எழுதணும்.” என் எழுத்தின் மேல் அவர் வைத்த முதல் சிவப்பு மை அதுதான். வேறு தாளில் எழுதி, அப்பாவிடம் மறுபடி கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அடுத்த நாள் என் நோட்டு திறக்கப்பட்டது.

முதல் நாள் ஆறு அடி. ஆறாவது அடியில் கை தானாகப் பின்னால் போய்விட்டது, அதற்காக இன்னொன்று. சோறு பிசைய முடியவில்லை, அம்மா ஊட்டிவிட்டாள். அம்மா அப்பாவைத் திட்டினாள். அப்பா என் நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். பக்கம் பூராவும் சிவப்பு. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு அவர்மேல் வெறுப்பே வந்தது. பின்னங்களைக் கூட்டுவதில் நான் ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரே தப்பைச் செய்துகொண்டு வந்திருக்கிறேன் என்பது கணக்கு சாருக்கு இரண்டாவது வாரம் தெரிந்தது. “இத்தனை வருஷம் எவனும் சொல்லலயா?” என்று கேட்டார். அவரும்தான் சொல்லவில்லை. மதிய இடைவேளையில் நாலு நாள் உட்காரவைத்து அதைச் சரிசெய்தார். அந்த நாலு நாளும் குச்சியை எடுக்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை, வெகுகாலம் கழித்துத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் வரிசை ஒன்பது பேரில் அந்த வருடம் பத்தாவதுக்குப் போனவள் நான் ஒருத்தி. காலனியில் அப்பாவின் கடிதம் பெரிய பேச்சாகிவிட்டது. இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து தங்கள் பிள்ளைகளுக்கும் அதே மாதிரி எழுதித் தரச் சொன்னார்கள். பெயரையும் வகுப்பையும் மாற்றி எழுதிக் கொடுத்தேன். நாலாவதாக எழுதியது என் தம்பிக்கு. என்னைவிட நாலு வயது சின்னவன், அந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்கு எங்கள் பள்ளிக்கே வந்தான். அவனுக்குக் கடிதம் தேவையே இல்லை. நன்றாகப் படிப்பான், அவன் நோட்டில் நிறையச் சிவப்பு இருந்தது. “எதுக்கும் குடுத்து வெச்சிடலாம்” என்றார் அப்பா. டி.சி.யோடு சேர்த்து அந்தக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு வந்தார். எழுதும்போது எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. எனக்கு நல்லது நடந்ததே, அவனுக்கும் நடக்கட்டும் என்று தோன்றியது. கொஞ்சம் அவனும் வாங்கட்டுமே என்றும் தோன்றியது.

தம்பி சிரிப்பை அடக்கத் தெரியாதவன். ஏழாம் வகுப்பில் ஒரு நாள் காலை வழிபாட்டில், கொடிக் கயிறு சிக்கிக்கொண்டு பியூன் தடுமாறியபோது சிரித்துவிட்டான். அறிவியல் வாத்தியார் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கையில் குச்சி இல்லை, கையால் அறைந்தார். ஒரே அறை, இடது கன்னத்தோடு சேர்த்துக் காதில். தம்பி விழவில்லை, அழவும் இல்லை. நான் பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போயிருந்ததால் நேரில் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தவன் காதுக்குள் வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது என்றான். அம்மா எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். ஒரு வாரத்தில் சீழ் வந்தது. அப்புறம்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சவ்வு கிழிந்து, உள்ளே புண்ணாகிவிட்டது என்று சொன்ன டாக்டர், எண்ணெய் ஊற்றியிருக்கக் கூடாது, உடனே வந்திருக்க வேண்டும் என்றார். சீழ் நின்றது. கேட்பது திரும்பி வரவில்லை.

அப்பா பள்ளிக்குப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தலைமை ஆசிரியர் எங்களை உட்காரச் சொன்னார். அதற்கு முன் அங்கே எங்களை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அப்பா ஆஸ்பத்திரிச் சீட்டை மேசையில் வைத்து, “காது பூட்ச்சி சார் புள்ளைக்கு” என்றார். தலைமை ஆசிரியர் பீரோவைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். அதிலிருந்து அந்தத் தாளை உருவி எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். என் கையெழுத்து. இந்தத் தடவை இடமும் தேதியும் சரியாகவே போட்டிருந்தேன். “இது நீ குடுத்ததுதானே? என்ன எழுதியிருக்க? கண்களைத் தவிரன்னு எழுதியிருக்க. கண்ணுக்கு ஒண்ணும் ஆகலயே?” அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு ஆவணத்தில் இருப்பதை வாசித்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். புகார் செய்ய மாட்டேன் என்ற வரியின் மேலும் விரலை வைத்துக் காட்டினார்.

அப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் அதைப் படிக்க முடியாது. என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன். ‘சார், அது எல்லாரும் சொல்ற வார்த்தை, காதை அடின்னு யாரும் சொல்லல’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பதினாறு வயதில் நன்றாகப் பேசுவேன், பேச்சுப் போட்டியில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். அங்கே எனக்கு வாய் வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “வரேன் சார்” என்றார். போகும் வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார், ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம், “ப்ரேயர்ல எவனாவது சிரிப்பானா?” என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பா அந்தக் காதை ஒப்புக்கொள்ளவே இல்லை. நானும் அம்மாவும் தம்பியிடம் பேச வேண்டும் என்றால் தானாக அவனுடைய வலப்பக்கம் போய்விடுவோம். அப்பா போக மாட்டார். எந்தப் பக்கம் நிற்கிறாரோ அங்கிருந்தே கூப்பிடுவார். தம்பி திரும்பாவிட்டால் குரலை உயர்த்துவார். அப்போதும் திரும்பாவிட்டால், “எங்கியோ புத்திய வெச்சிகினு உக்காந்துகினு கீறான்” என்று கத்துவார். தம்பி உயரமாக இருந்ததால் வகுப்பில் கடைசி வரிசை. பாதி கேட்டு, பாதி ஊகித்துப் பத்தாவது வரை வந்தான், இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு ஏ.சி. மெக்கானிக்கிடம் வேலைக்குச் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டான். கடற்கரை விடுதிகளில் உப்புக்காற்றில் இத்துப்போகிற மெஷின்களையெல்லாம் அவன்தான் பார்க்கிறான். கம்ப்ரசரின் சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்கிற வேலையில் ஒரு காது இல்லாதது கஷ்டம்தான். மெஷின்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்ப்பான்.

நான் கல்லூரி முடித்து நாவலூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளிகளில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது என்ற செய்தி வந்த சமயம், எங்கள் கேன்டீனில் அதைப் பற்றிப் பெரிய விவாதம். “நாமெல்லாம் அடி வாங்கினதாலதான் உருப்பட்டோம்” என்று ஒரு கட்சி. “அடிச்சவங்க எல்லாரும் சைக்கோ” என்று இன்னொரு கட்சி. ‘உருப்பட்டோம்’ கட்சிக்காரர்கள் என்னையும் கூப்பிட்டார்கள். “நீ கவர்ன்மென்ட் ஸ்கூல்தானே, வாங்கியிருப்பியே, சொல்லேன்.” அவர்கள் கணக்குப்படி நான் நல்ல சாட்சி. அடி வாங்கியவள், கணக்கு வந்தது, வேலையும் கிடைத்தது. நான் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டு, “வாங்கியிருக்கேன்” என்று மட்டும் சொன்னேன். சொல்ல நிறைய இருந்தது. அடி எனக்குக் கணக்குச் சொல்லித் தரவில்லை, திறந்த நோட்டுதான் சொல்லித் தந்தது என்று சொல்லியிருக்கலாம். அதே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்ததில் என் தம்பிக்குக் காது போனது என்றும் சொல்லியிருக்கலாம். சாப்பாட்டு மேசையில் தம்பியை எடுத்து வைக்க மனம் வரவில்லை.

அந்தச் செய்தியை அப்பாவும் டி.வி.யில் கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து நாவலூரில் என் வாடகை வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் நாலு வெள்ளைத் தாளும் ஒரு கார்பன் பேப்பரும். டீ குடித்து முடித்தார். அப்புறம், “ஒரு லெட்டர் எய்தணும்மா. தம்பிக்குக் குடுத்தமே, அத்த வாபஸ் வாங்கணும்” என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “இப்ப எதுக்கு நைனா? அவனுக்கு இருபத்தொரு வயசு ஆச்சு. ஸ்கூலை விட்டே எத்தனை வருஷம் ஆச்சு” என்றேன். “அது அங்கியேதான கீது. நான் வேணாம்னு சொல்றவரைக்கும் அது அங்கியேதான் இர்க்கும்” என்றார். தாளை எடுத்தேன். என்ன காரணம் என்று எழுதுவது என்று கேட்டேன். “காரணம் இன்னாத்துக்கு? குடுத்தது நானு, வேணாங்கிறது நானு.” அப்படியே எழுதினேன். ‘என் மகனை அடிக்கலாம் என்று நான் முன்னர் எழுதிக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.’ இவ்வளவுதான் கடிதம். இந்தத் தடவை கையெழுத்து அழகாக வரவில்லை.

லீவு போட்டு நானும் கூடப் போனேன். பழைய தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார், கணக்கு சாரும் மாற்றலாகிவிட்டார். புதிதாக ஒரு அம்மா தலைமை ஆசிரியராக இருந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். “பையன் இப்ப எந்த வகுப்புங்க?” என்று கேட்டார். “படிப்ப வுட்டுட்டான்மா. ஏ.சி. வேல பாத்துகினு கீறான்” என்றார் அப்பா. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சுருக்கமாகச் சொன்னேன். காது என்று சொன்னபோது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா நினைத்திருந்தால், இதெல்லாம் தேவையில்லை, போங்கள் என்று சொல்லியிருக்கலாம். பழைய கோப்பு எதுவும் இப்போது இல்லை, தேடினாலும் கிடைக்காது என்று உண்மையைச் சொன்னார். பிறகு தபால் பதிவேட்டை எடுத்து, கடிதத்தை அதில் ஏற்றி, எண் போட்டார். “சீல் வெச்சிக் குடுங்கம்மா” என்று அப்பா கார்பன் நகலை நீட்டினார். பெற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையை அழுத்திக் கொடுத்தார். “ஐயா, இனிமே இங்க யாரையும் அடிக்க மாட்டோம்” என்றும் சொன்னார். அப்பா, “நோட்ட மட்டும் பாருங்கம்மா” என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் தம்பி வேலையிலிருந்து வந்து, வாசலில் போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். அப்பா வீட்டுக்குள்ளிருந்து அந்த நகலோடு வந்து கட்டிலின் இந்தப் பக்கம், தம்பிக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். “உன் லெட்டர வாபஸ் வாங்கிட்டேன்டா. எய்திக் குட்த்துட்டு வந்துட்டேன்” என்றார். தம்பி குனிந்து கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. இனிக் கத்தப்போகிறார் என்று நான் வாசற்படியிலேயே நின்றேன். அப்பா கத்தவில்லை. நகலை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். தம்பிக்கு வலப்பக்கம் நெருங்கி உட்கார்ந்து, மெதுவான குரலில், முதலிலிருந்து சொன்னார்.